எரிமலைத் தீவுகளுக்குக் கப்பலில்: கேளுங்கள், சொல்கிறோம்

சென்ற இதழில் காலாபகோஸ் தீவுகளின் படங்கள் வந்த பிறகு, டெல்டா மாவட்டங்களிலிருந்து நிறையக் கடிதங்கள். பசிபிக் கடலில், ஈக்வடார் நாட்டுக் கரையிலிருந்து சுமார் 1,000 கி.மீ. தள்ளிக் கிடக்கும் இந்த எரிமலைத் தீவுகளுக்கு எப்படிப் போவது, எதைப் பார்ப்பது, என்ன செலவு என்றுதான் பெரும்பாலும் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, பயணத் துறையிலும் கானுயிர்த் துறையிலும் அனுபவம் உள்ளவர்கள் பதில் சொல்கிறார்கள்.

ஏஜென்ட் ஒருவர் ‘5 நாள்’, ‘8 நாள்’ என்று இரண்டு திட்டம் காட்டுகிறார். விலையில் பெரிய வித்தியாசம். 5 நாள் போதாதா? நீச்சல் குளம், நாடக அரங்கெல்லாம் உள்ள பெரிய கப்பல் அங்கே போகாதா? நானும் மனைவியும் பணி ஓய்வு பெற்றவர்கள்.
– வாசகர், கும்பகோணம்

பெரிய கப்பல் போகாது. 100 பயணிகளுக்கு மேல் ஏற்றும் கப்பல் அங்கே தீவுச் சுற்றுலா நடத்த முடியாது. நிறையக் கப்பல்கள் 16 பேரை மட்டுமே ஏற்றுகின்றன. வழிகாட்டி ஒருவருக்கு 16 பயணிகள் என்பது தேசியப் பூங்காவின் விதி. வழிகாட்டி இல்லாமல் பூங்காப் பாதையில் கால் வைக்கவே முடியாது. 16 பேர் கப்பலில் எல்லாரும் ஒரே நேரத்தில் கரை இறங்கிவிடலாம். 100 பேர் கப்பலில் குழு குழுவாக இறக்குவார்கள், ஆனால் ஆட்டம் குறைவு, மருத்துவ வசதி கூடுதல். உங்கள் வயதுக்கு 40 முதல் 100 பேர் வரை ஏற்றும் கப்பல்தான் எங்கள் பரிந்துரை.

நாள் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ‘5 நாள்’ என்றால் 4 இரவு. முதல் நாள் விமானம் இறங்கிக் கப்பல் ஏறவே மதியம் ஆகிவிடும். கடைசி நாள் காலையிலேயே விமான நிலையத்தில் விட்டுவிடுவார்கள். மிச்சம் 3 முழு நாள். ‘8 நாள்’ என்றால் 7 இரவு, 6 முழு நாள். மொத்த விலையை முழு நாள்களால் வகுத்துப் பாருங்கள், கணக்கு வேறு மாதிரி தெரியும். போக இரண்டு நாள், வர இரண்டு நாள் விமானத்திலும் விமான நிலையத்திலுமே கழியும்போது, நடுவில் 3 நாள் என்பது கல்யாண வீட்டுக்குப் போய்த் தாம்பூலப் பையை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புவது போல.

விலையைவிட முக்கியம் வழித்தடம். எந்தக் கப்பல் எந்த நாளில் எந்த இடத்தில் இறங்கலாம் என்பதைப் பூங்கா நிர்வாகமே வகுத்துக் கொடுக்கிறது. ஒரே கப்பல் ஒரே இடத்துக்கு 14 நாளுக்குள் மறுபடி போகக்கூடாது. அதனால் ஒவ்வொரு கப்பலுக்கும் இரண்டு வாரச் சுற்று உண்டு. அதைத்தான் கம்பெனிகள் ஏ, பி என்று வெட்டி விற்கின்றன. மேற்குச் சுற்றில் இசபெலாவின் பின்புறமும் ஃபெர்னாண்டினாவும் வரும்: பறக்காத நீர்க்காகம், பென்குயின், புத்தம்புது எரிமலைக் குழம்புப் பாறை. தென்கிழக்குச் சுற்றில் எஸ்பன்யோலா, ஃப்ளோரியானா, சான் கிறிஸ்டோபல்: ஆல்பட்ராஸ் என்ற நீண்ட சிறகுள்ள பெரிய கடற்பறவை, கடல் சிங்கங்கள். ஒரே வாரத்தில் எல்லாம் கிடைக்காது.

ஏஜென்டிடம் நாள்வாரி வழித்தடத்தாளைக் கேளுங்கள். காலையில் ஓர் இறக்கம், மதியம் ஓர் இறக்கம் என்று இடப்பெயரோடு இருக்க வேண்டும். ‘முக்கியத் தீவுகள் அனைத்தும்’ என்று மட்டும் இருந்தால் முன்பணம் கட்டாதீர்கள். இரண்டு குறுஞ்சுற்றுகளை ஒட்டிய ‘8 நாள்’ என்றால், நடுவில் ஒரு நாள் பாதிப் பேரை இறக்கிப் புதியவர்களை ஏற்றுவதிலேயே போய்விடும். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் போகலாம்? பென்குயின், ஆல்பட்ராஸ் இரண்டையும் பார்க்க வேண்டும். பையனுக்கு மே மாதம்தான் லீவு.
– வாசகி, திருவாரூர்

மே நல்ல மாதம்தான். டிசம்பரிலிருந்து மே வரை அங்கே வெப்ப காலம்: தண்ணீர் 24 முதல் 27 டிகிரி, கடல் சாது, அவ்வப்போது மழை. ஜூனிலிருந்து நவம்பர் வரை குளிர் காலம். தெற்கேயிருந்து ஹம்போல்ட் நீரோட்டம் குளிர்ந்த நீரைக் கொண்டுவரும், தண்ணீர் 18 முதல் 22 டிகிரிக்கு இறங்கும். நாகை, வேளாங்கண்ணிக் கடலில் குளித்த உடம்புக்கு அது பனிக்கட்டி. கடலுக்குள் மூழ்கிப் பார்க்க ஆசைப்பட்டால் 3 மி.மீ. நீர் உடை கேட்டு வாங்குங்கள். அந்தக் காலத்தில் மார்கழி விடியல் போல ஒரு தூறல் மேலே தொங்கும். ‘கரூவா’ என்பார்கள். கருவாப்பட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை கடல் கொந்தளிப்பும் அதிகம்.

ஆனால் குளிர்ந்த தண்ணீரில்தான் மீன் பெருகும், பறவைகளுக்குத் தீனி கிடைக்கும். எல் நினோ ஆண்டுகளில் தண்ணீர் சூடேறினால் கடல்வாழ் உயிர்கள் பட்டினி கிடக்கும். 1982–83 எல் நினோவில் பென்குயின்களில் முக்கால் பங்குக்கு மேல் அழிந்துபோயின. கடல் இகுவானாக்கள், அதாவது நம் உடும்பு போல இருந்து கடற்பாசி தின்னும் பல்லிகள், இன்னும் விசித்திரம். தீனி இல்லாத காலத்தில் அவற்றின் உடல் நீளமே 20 சதவீதம் வரை சுருங்கும், பிறகு மறுபடி வளரும்.

பென்குயின் ஆண்டு முழுக்க உண்டு. ஆல்பட்ராஸ் ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை எஸ்பன்யோலாவில் இருக்கும். ஆல்பட்ராஸில் பல இனங்கள் உண்டு, இங்கு வரும் இனம் ஏறக்குறைய முழுவதும் அந்த ஒரே தீவில்தான் கூடு வைக்கிறது. பென்குயின் கூட்டமாக இருப்பது மேற்கில், ஆல்பட்ராஸ் தென்கிழக்கில் என்பதுதான் சிக்கல். பார்த்தலோமே தீவில் சில பென்குயின்கள் உண்டு. மே மாதத்தில் எஸ்பன்யோலாவும் பார்த்தலோமேயும் சேர்ந்து வரும் சுற்றைத் தேடுங்கள், இரண்டும் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது.

விசா, தடுப்பூசி, பணம் பற்றிச் சொல்லுங்கள்.
– வாசகர், மயிலாடுதுறை

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஈக்வடார் 2019 முதல் விசா கேட்கிறது. அமெரிக்கா வழியாகப் போனால், விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும். ஐரோப்பா வழி எளிது. எந்த விமான நிலையத்தில் மாறுகிறீர்களோ அந்த நாட்டின் இடைவழி விசா விதியை டிக்கெட் போடும் முன்பே பார்த்துவிடுங்கள்.

தடுப்பூசியில் பலர் கோட்டை விடுவது போகும்போது அல்ல, வரும்போது. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் ஈக்வடாரையும் இந்தியா வைத்திருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் தனிமைப்படுத்திவிடுவார்கள். சென்னை கிண்டி கிங் நிலையத்தில் ஊசி போடுகிறார்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும், பிறகு ஆயுள் முழுக்க. 60 வயது தாண்டியவர்கள் டாக்டரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது. கும்பகோணம் தம்பதியும் இதைக் கவனிக்கவும்.

ஈக்வடாரின் நாணயமே அமெரிக்க டாலர். பூங்கா நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்டிலிருந்து வெளிநாட்டுப் பெரியவருக்கு 200 டாலர், 12 வயதுக்குள் 100. அதைத் தவிர 20 டாலருக்குத் தற்காலிகத் தங்கல் அட்டை. இரண்டையும் ரொக்கமாகத் தயாராக வைத்திருங்கள். அட்டையைப் பத்திரப்படுத்துங்கள், திரும்பும்போதும் கேட்பார்கள். கடைகளில் 50, 100 டாலர் தாளைப் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். கைச்செலவுக்கு 10, 20 தாள்களாகக் கொண்டுபோங்கள்.

தீவு விமானங்கள் கீட்டோ, குவாயகில் என்ற இரண்டு ஊர்களிலிருந்து புறப்படும். கீட்டோ 2,850 மீட்டர் உயரம், ஊட்டியைவிட மேலே. கடல் மட்டத்திலேயே வாழ்ந்த நமக்கு அங்கே மூச்சு வாங்கும். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் குவாயகிலில் தங்குவதே நல்லது. கப்பல் ஏறும் நாளன்று அந்த ஊருக்கு வந்து சேரும்படி டிக்கெட் போடாதீர்கள். ஒரு விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, பணமும் திரும்பாது.

ஃபைபர் படகிலேயே வளர்ந்தவன் நான். எனக்குமா கப்பலில் வாந்தி வரும்? வீட்டில் கேலி பண்ணுகிறார்கள்.
– வாசகர், அக்கரைப்பேட்டை, நாகப்பட்டினம்

வரலாம். திறந்த படகில் அலை தூக்குவதைக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் உணர்கிறது, கண்ணும் பார்க்கிறது. மூடிய அறைக்குள் காது ‘ஆடுகிறோம்’ என்கிறது, கண் ‘சுவர் அசையவில்லை’ என்கிறது. இந்தச் சண்டைதான் குமட்டல். அறைக்குள் போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் கடலோடிக்கும் தலை சுற்றும்.

கப்பல்கள் பெரும்பாலும் இரவில்தான் தீவு விட்டுத் தீவு ஓடும். அறை எடுக்கும்போது கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. ரொம்பப் பின்னால் போனால் இன்ஜின் சத்தம் தூங்க விடாது. இரண்டு அடிப்பாகம் கொண்ட கேட்டமரான் கப்பல் பக்கவாட்டில் குறைவாகச் சாயும், எதிரலையில் குலுக்கும். வயிற்றைக் காலியாக வைப்பது தவறு, உலர்ந்த ரொட்டி மாதிரி லேசாகச் சாப்பிடுங்கள். புரோமெதசின் வகை மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு போட்டுப் பயனில்லை. கப்பல் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். தூக்கம் வரும், வாய் உலரும். கண் அழுத்த நோய், புராஸ்டேட் தொல்லை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும். மாத்திரையோடு மது கூடவே கூடாது. சுக்கு சிலருக்குக் கேட்கிறது.

கரை இறங்குவது ‘பங்கா’ என்ற ரப்பர்ப் படகில். இங்கே உங்கள் பழக்கமே எதிரியாகலாம். படகிலிருந்து குதித்து இறங்குவது அங்கே கூடாது. மாலுமியின் உள்ளங்கையைப் பிடிக்காமல், அவர் முன்கையை நீங்களும் உங்கள் முன்கையை அவரும் பற்றிக்கொள்ள வேண்டும். ஈரக் கையானாலும் அந்தப் பிடி வழுக்காது. இரண்டு கையும் காலியாக இருக்கட்டும், கேமரா நீர்ப்புகாப் பையில் முதுகில். மணல் கரை என்றால் படகு விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு காலையும் வெளியே போட்டு, வழிகாட்டி சொன்ன பிறகு, அலைக்கும் அலைக்கும் நடுவில் இறங்க வேண்டும்.

ஊறுகாய், புளிக்காய்ச்சல், கொஞ்சம் துளசி விதை எடுத்துப் போகலாமா? சோதனை கடுமையா?
– வாசகி, வேதாரண்யம்

துளசி விதை கூடவே கூடாது. விதை, பழம், காய், செடி, மண் எதுவும் தீவுக்குள் போக முடியாது. புறப்படும் விமான நிலையத்திலேயே பெட்டியைச் சோதித்து முத்திரை வைத்துவிடுவார்கள். செருப்பு அடியில் வயல் மண் ஒட்டியிருந்தாலும் சிக்கல்தான், ஊரிலேயே தேய்த்துக் கழுவிவிடுங்கள். ஊறுகாயைக் கடையில் முத்திரையிட்ட பாக்கெட்டாக எடுத்துப்போய், கேட்டால் காட்டுங்கள். வீட்டு ஜாடி வேண்டாம்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று உங்கள் ஊர்க்காரருக்கு விளக்கத் தேவையில்லை. கோடியக்கரைக் காட்டில் சீமைக்கருவேலம் என்ன செய்கிறது என்று தினமும் பார்க்கிறீர்கள். அங்கே அந்த வேலையைச் செய்தவை ஆடுகள். மாலுமிகளும் குடியேறியவர்களும் கொண்டுவந்து விட்டவை பெருகி, ராட்சத ஆமைகளின் தீனியை மொட்டையடித்தன. 2006-க்குள் இசபெலாவின் வடபகுதியிலும் சாந்தியாகோவிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகளை ஒழித்தார்கள். தனியாக இருக்கப் பிடிக்காத விலங்கு ஆடு. சில ஆடுகளுக்குக் கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி விட்டார்கள், அவை போய் மிச்சமிருந்த மந்தையில் சேர்ந்தபோது மந்தை இருக்கும் இடம் தெரிந்தது. கொடூரம்தான். ஆனால் அதற்குப் பிறகுதான் புதர்கள் திரும்பத் தழைத்தன.

ஒரு தீவின் விதை இன்னொரு தீவுக்குப் போவதும் ஆபத்து. ஒவ்வொரு முறை கப்பல் ஏறும்போதும் காலையும் செருப்பையும் கழுவச் சொல்வார்கள். சலித்துக்கொள்ளாதீர்கள்.

அங்கே விலங்குகள் மனிதரைக் கண்டு ஓடாதாமே, ஏன்? தீவுகள் எப்படி உருவாயின?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, மன்னார்குடி

தையல் மெஷினைப் பார்த்திருப்பாய். ஊசி ஒரே இடத்தில் குத்துகிறது, துணிதான் நகர்கிறது, தையல் வரிசையாக விழுகிறது. பூமிக்குள் ஆழத்திலிருந்து வெப்பம் மேலெழும் இடம்தான் ஊசி. அதன் மேல் நாஸ்கா என்ற புவித்தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் கிழக்கே நகர்கிறது. வெப்பம் துளைத்த இடத்திலெல்லாம் ஒரு தீவு. அதனால் கிழக்கே உள்ளவை கிழடு, எஸ்பன்யோலாவுக்கு 30 லட்சம் ஆண்டுக்கு மேல் வயது. மேற்கே உள்ள ஃபெர்னாண்டினா குழந்தை, இன்னும் கொதிக்கிறது. 2024 மார்ச்சில்கூட வெடித்தது. தட்டு நகர்ந்து தீவு ஊசியை விட்டு விலகியதும், உயரம் தேய்ந்து மெல்லக் கடலுக்குள் அமிழத் தொடங்கும்.

ஓடாததற்குக் காரணம், தரையில் வேட்டையாடும் பெரிய பாலூட்டிகள் அங்கே தோன்றவே இல்லை. மனிதர் வருவதற்கு முன் நரி, பூனை கிடையாது. கடல் தாண்டித் தானாக வந்து சேர்ந்த தரைப் பாலூட்டிகள் ஒருவகை எலியும் வவ்வாலும் மட்டுமே. பயத்தைக் கற்றுக்கொள்ள வாய்ப்பே வரவில்லை. அது பழகிய அன்பு என்று நினைத்து யாரும் தொடக்கூடாது, 2 மீட்டர் தள்ளி நிற்பது விதி. கடல் சிங்கக் குட்டியின் மேல் மனித வாடை பட்டால் தாய் அதைச் சேர்த்துக்கொள்ளாமல் போகலாம்.

டார்வின் 1835-இல் இங்கே 5 வாரம் இருந்தார். அவரை முதலில் யோசிக்க வைத்தவை பாடப்புத்தகத்தில் வரும் குருவிகள் அல்ல, தீவுக்குத் தீவு மாறுபட்டிருந்த மாக்கிங் பறவைகள். குருவிக் கதையை முழுமையாக்கியவர்கள் பீட்டர், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி. 1973-லிருந்து டாஃப்னே மேஜர் என்ற சின்னத் தீவில் ஒவ்வொரு குருவியாக அலகை அளந்தார்கள். 1977-இல் வறட்சி. சின்ன விதைகள் தீர்ந்துபோக, கடினமான பெரிய விதையை உடைக்க முடிந்த பெரிய அலகுக் குருவிகளே அதிகம் பிழைத்தன. அடுத்த தலைமுறையின் சராசரி அலகு பெரிதானது. பரிணாமத்தை அளவுகோல் வைத்தே பார்த்துவிட்டார்கள்.

முட்டி வலி உண்டு. நடக்க முடியுமா?
– வாசகி, பட்டுக்கோட்டை

இடத்தைப் பொறுத்தது, அம்மா. பார்த்தலோமே உச்சிக்கு 370 மரப்படிக்கு மேல். எஸ்பன்யோலாவின் புன்டா சுவாரெஸில் பாறை மேல் பாறையாகத் தாண்டி மூன்று மணி நேர நடை. இரண்டும் உங்களுக்கு வேண்டாம். அந்த நேரத்தில் பங்கா படகிலேயே கரையோரம் சுற்றிக் காட்டுகிறார்களா என்று முன்பே கேளுங்கள். கார்ட்னர் பே, செரோ புரூஹோ இரண்டும் வெறும் மணல், கடல் சிங்கங்கள் பக்கத்திலேயே படுத்திருக்கும். எரிமலைப் பாறை வெயிலில் அடுப்பாகக் கொதிக்கும், விளிம்பு கண்ணாடி போல வெட்டும். கணுக்காலை மூடும் ஷூ கட்டாயம்.

சைவம் கிடைக்குமா?
– வாசகர், தஞ்சாவூர்

கிடைக்கும், ஆனால் ‘வெஜிடேரியன்’ என்றால் மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம் என்று புரிந்துகொள்கிறவர்கள் உண்டு. சூப்பில் கோழிச் சாறு இருக்கும். ‘சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காடோ’ என்று சொல்லுங்கள்: இறைச்சி, கோழி, மீன் எதுவும் வேண்டாம். பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுங்கள், கப்பல் கிளம்பிய பிறகு சமையற்காரர் கடைக்குப் போக முடியாது. சோறும் பயறும் தினமும் உண்டு. வாழைக்காயைத் தட்டி இரண்டு தடவை பொரித்த ‘பட்டகோனெஸ்’ உங்களுக்குப் பிடித்துவிடும். கெட்டில் எடுத்துப் போகாதீர்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட், நம் 230 வோல்ட் கெட்டிலில் தண்ணீர் கொதிக்க யுகமாகும். போன் சார்ஜர் வேலை செய்யும், தட்டையான இரட்டை முள் பிளக் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அலையாத்திக் காட்டில் படம் எடுத்துப் பழகியவன். அங்கே என்ன வித்தியாசம்? டிரோன் பறக்க விடலாமா?
– வாசகர், முத்துப்பேட்டை

டிரோன் அனுமதி பெற்றவர்களுக்கு மட்டும், ஃபிளாஷ் யாருக்கும் கிடையாது. கறுப்புப் பாறை மேல் கறுப்பு இகுவானா உட்கார்ந்திருக்கும்போது கேமரா ‘இருட்டு’ என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், படம் சாம்பல் பூத்துவிடும். வெளிச்ச அளவை மூன்றில் இரண்டு பங்கிலிருந்து ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி) வரை குறைத்து எடுங்கள். ஏசி அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தால் லென்ஸ் வியர்க்கும். பையை மூடியபடியே அரை மணி நேரம் மேல்தளத்தில் வைத்துவிட்டுத் திறங்கள். இகுவானா உடம்பிலுள்ள உப்பை மூக்கு வழியாகத் தும்மித் தள்ளும். அந்த நொடிக்குக் காத்திருங்கள், ஆனால் லென்ஸைத் துடைத்துக்கொள்ளவும் துணி வேண்டும்.

உங்களுக்குப் பழகிய முகங்களும் உண்டு. அங்குள்ள கறுப்பு அலையாத்தி, முத்துப்பேட்டை அலையாத்தியின் அதே அவிசென்னியா பேரினம். ஃப்ளோரியானாவின் உப்பேரியில் பூநாரைகள் நிற்கும், கோடியக்கரைப் பூநாரையைவிடச் சிவப்பு அதிகம்.

அவ்வளவு தூரமும் பணமும் முடியாது. பக்கத்தில் எரிமலைத் தீவே இல்லையா?
– வாசகர், காரைக்கால்

இருக்கிறது. அந்தமானில் பாரன் (Barren) தீவு, போர்ட் பிளேரிலிருந்து (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) வடகிழக்கே சுமார் 135 கி.மீ. இந்தியாவில் இப்போதும் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை. 19-ஆம் நூற்றாண்டில் அடங்கி, 1991-இல் விழித்தது. கடலுக்கு மேலே தெரிவது 350 மீட்டர் அளவுதான், கடலடியிலிருந்து அளந்தால் இரண்டு கி.மீ.க்கும் மேல். சுற்றுலாப் பயணிகள் கரை இறங்க முடியாது, கப்பலிலிருந்தே பார்க்க வேண்டும். மேற்குப் பக்கம் பழைய எரிமலை வாய்ச்சுவர் உடைந்து கடலைப் பார்த்துத் திறந்திருக்கிறது. கப்பல் அந்தப் பக்கம் சுற்றுமா என்று கேளுங்கள், உள்ளே இருக்கும் சாம்பல் நிறக் கூம்பு அங்கிருந்துதான் முழுசாகத் தெரியும். பகலில் பார்த்தால் புகைதான், எரியும் காலமானால் இருட்டிய பிறகே சிவப்புத் தெரியும். அதற்கும் வடக்கே நார்கொண்டம் என்ற அடங்கிய எரிமலைத் தீவு. உலகில் வேறெங்கும் இல்லாத நார்கொண்டம் இருவாச்சி அங்கே வாழ்கிறது, ஆனால் அது சுற்றுலாவுக்கான தீவு அல்ல.

காரைக்கால்காரர் என்பதால் இன்னொன்று. 19-ஆம் நூற்றாண்டில் உங்கள் ஊரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பல் ஏறியவர்கள் போய் இறங்கிய ரீயூனியன், முழுக்க முழுக்க எரிமலைத் தீவு. அவர்கள் வாரிசுகள் இன்றும் அங்கே காவடி எடுக்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள். 2,632 மீட்டர் உயரமுள்ள பிட்டோன் தெ லா ஃபூர்னேஸ், உலகின் மிகச் சுறுசுறுப்பான எரிமலைகளில் ஒன்று. 2007-இல் குழம்பு கடல்வரை ஓடியது, உச்சிப் பள்ளம் சுமார் 300 மீட்டர் உள்வாங்கியது. மொரீஷியஸிலிருந்து விமானத்தில் முக்கால் மணி நேரம். பிரான்சின் பகுதிதான் என்றாலும் சாதாரண ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) அங்கே செல்லாது, ரீயூனியனுக்கான விசா விதியைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெடிப்பு நடக்கும்போது உச்சிப் பாதையை மூடிவிடுவார்கள். ஆனால் தென்கிழக்குக் கடற்கரைச் சாலை பழைய குழம்போட்டங்களின் மேலேயே போகிறது, ஒவ்வோர் ஓட்டத்துக்கும் அது வந்த ஆண்டைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள்.